லயம் இடிபடுமுன் ஒரு முழத் துண்டாவது எடுத்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான பழைய பலகை லயமோ, ரப்பர்த் தகடு காயவைத்த புகைக்கூடமோ இடிபடப் போகிறது என்றால் நம் மலேசியத் தோட்டத்து ஊர்களில் இரண்டு குரல் எழும். கட்டடத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்று. படமாவது எடுத்து வையுங்கள் என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் நடப்பதில்லை. நிலம் தோட்ட நிறுவனத்தினுடையது, ஆளில்லாத வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்ற எவரும் முன்வருவதில்லை, 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் ஒரு தொழிலாளர் லயத்தைப் பதிவு செய்வதும் எளிதில் ஆகிற காரியமில்லை. இரண்டாவது நடக்கிறது. ஆனால் அது என்ன மரம், எப்படிக் கோத்தார்கள், எங்கே உளுத்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல எந்தப் பிள்ளையாலும் முடியாது. நாங்கள் கேட்பது மூன்றாவது ஒன்று. இடிப்பதற்கு முன்னால் கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு முழத் துண்டு எடுத்து, பெயர் எழுதி, பள்ளியிலோ பொது நூலகத்திலோ கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும்.

இதில் கடினமான வேலை பெயர் எழுதுவதுதான். கனமான பழைய பலகை எதைக் கண்டாலும் ‘தேக்கு’ என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேக்கு இந்த நாட்டுக் காட்டு மரமே அல்ல. துரை பங்களாவின் நாற்காலியிலோ அலமாரியிலோ இருந்தால் இருக்கலாம். தொழிலாளி லயத்துக்கு யாரும் தேக்கு வாங்கிப் போட்டிருக்க மாட்டார்கள். தூணும் உத்தரமும் செங்கால், பாலாவ் போன்ற கன மரங்களில் இருக்கும். தரைப்பலகையில் கெம்பாஸ், கெருயிங், சில இடங்களில் மெர்பாவ். சுவர்ப்பலகை பெரும்பாலும் மெராந்தி. இவையெல்லாம் வியாபாரப் பெயர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மெராந்தி என்பது ஒரே மரமல்ல, ஷோரியா என்னும் பேரினத்தின் பல இனங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். அதே ஷோரியாவில்தான் பாலாவும் இருக்கிறது. மெராந்தியில் ஆணி சுலபமாக இறங்கும், பாலாவிலோ துளை போடாமல் அடித்தால் ஆணி வளையும். ஆகவே அட்டையில் தமிழில் நாம் சொல்லும் பெயர், மலாய்ப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் இருக்கட்டும். ‘செங்கால்’ என்பதில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் சுட்ட மண்ணாகிவிடும். நியோபாலனோகார்ப்பஸ் ஹெய்மி என்று பக்கத்தில் எழுதியிருந்தால் குழப்பமில்லை.

அடையாளம் காண விலையுயர்ந்த கருவி வேண்டாம். 10 மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியும் புதிய சவரப் பிளேடும் போதும். மழையில் நரைத்த மேற்பரப்பு எதையும் காட்டாது. துண்டின் குறுக்குவெட்டு முகத்தில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே அறுத்து, அந்த முகத்தைப் பிளேடால் ஒரே இழுப்பில் சீவி, விரலால் சிறிது தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். மணல்தாள் தேய்க்கக் கூடாது. தூள் துளைகளை அடைத்துவிடும், எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும். பிசின் குழாய்கள் வெள்ளைக் கோடாக வளைந்து நீண்டு ஓடினால் மெராந்தி, பாலாவ், காப்பூர் பக்கம் பார்க்கலாம். கெருயிங்கில் அந்தக் கோடு துண்டு துண்டாக நிற்கும். வெயிலில் வைத்தால் பிசின் கசிந்து விரலில் ஒட்டும். மெர்பாவின் துளைகளுக்குள் கந்தகம்போல மஞ்சள் தூள் இருக்கும். மெர்பாவ் ஈரமானால் பழுப்புச் சாயம் விடும், அதில் இரும்பு பட்டால் கறுக்கும். ஆனால் கறுத்ததை மட்டும் வைத்து மெர்பாவ் என்று முடிவு கட்ட வேண்டாம், துவர்ப்புச் சத்துள்ள வேறு மரங்களும் கறுக்கும். 2019இல் நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இந்த மெர்பாவ்தான் என்பதால், தவறான பலகையில் அந்தப் பெயரை ஒட்டிவைத்தால் பார்க்கிறவர்கள் அதையே நம்பிக்கொண்டு போவார்கள்.

தண்ணீரில் முழுகினால் செங்கால் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. காற்றில் உலர்ந்த செங்கால் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 915 முதல் 980 கிலோ. அதாவது மயிரிழையில் மிதக்கும். பாலாவ் வகைகள் 850இலிருந்து 1,150 வரை போகும், சிலது முழுகும், சிலது மிதக்கும். இதைவிட நல்ல வழி எடை போடுவது. 5 சென்டிமீட்டர் அகலம், 5 உயரம், 10 நீளம் என்று துண்டுகளைச் சதுரமாக அறுத்துவிட்டால் அது கால் லிட்டர் கன அளவு. சமையல் தராசில் வரும் கிராமை நான்கால் பெருக்கினால் அடர்த்தி கிடைத்துவிடும். உலர்ந்த செங்கால் துண்டு 230 முதல் 245 கிராம் வரும், ரப்பர் மரம் 140 முதல் 160, ஜெலுத்தோங் என்னும் இலேசு மரம் அதற்கும் குறைவு. ஒரே அளவில் மூன்று துண்டுகளை அறுத்து ஒரு பிள்ளையின் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்தால் போதும், கன மரம், இலேசு மரம் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும். சந்தேகம் தீராத துண்டைக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். 1929இல் தொடங்கிய நிலையம் அது. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் கையால் நட்டு வளர்த்த அதன் காடு 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரத்துண்டுகளின் பெரிய சேகரமே இருக்கிறது.

காப்பூர் துண்டு கிடைத்தால் அதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். புதிதாக அறுத்தால் கற்பூரம் மணக்கும், பழைய பலகையையும் ஒரு சீவு சீவினால் மெல்ல அந்த வாசம் வரும். பச்சைக் கற்பூரம் இந்த மரத்தின் உட்பிளவுகளில் படிந்து கிடைத்த பொருள். அதைத் தேடித்தான் தமிழ் வணிகர்கள் சுமத்திராவின் பாருஸ் கரைக்குப் போனார்கள். அங்கே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. தமிழ்ப்பள்ளி வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு மரத்துண்டின் வாசனையைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன இருக்கிறது?

இனி எடுக்கும் முறை. மண்வாரி இயந்திரம் வந்த பிறகு போய்ப் பயனில்லை. அது உத்தரத்தைப் பிடித்து முறுக்கும்போது முதலில் பிளப்பது இணைப்புகள்தான். அவைதான் நமக்கு வேண்டியவை. முதல் நாளே போய் ஒவ்வொரு பாகத்திலும் சாக்கட்டியால் எண் எழுதி, 30 சென்டிமீட்டர் அடிக்கோலைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து, ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டு எந்த எண் எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அறுப்பது. துளையும் நாக்குமாகக் கோத்த இணைப்பைப் பிரிக்க முயலக் கூடாது. பல ஆண்டு ஈரத்தில் ஊறியும் காய்ந்தும் அது இறுகியிருக்கும், சுத்தியலால் தட்டினால் நாக்கு முறியும், ஆப்பு போன இடமே தெரியாமல் போகும். இணைப்பிலிருந்து இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் விட்டு முழுதாக அறுத்தெடுப்பதே சரி. ஒரு மாதிரியை மட்டும் நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் உள்ளே தச்சர் உளியால் எடுத்த துளையின் அடிச்சுவர் தெரியும்.

ஆணிகளையும் பிடுங்கி எறிய வேண்டாம். துவர்ப்புள்ள மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் ஆணி அரித்து மெலியும், சுற்றியுள்ள மரமும் கறுத்துப் பொடியாகும். பலகை ஏன் கழன்றது என்பதற்குச் சாட்சி அந்தக் கறுப்பு வட்டம். கூர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இரும்பு வாளால் மட்டமாக அறுத்துவிடலாம்.

தூணின் அடிப்பகுதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம், உளுத்துப்போனது எதற்கு என்று. எங்கள் கணக்கில் கட்டடம் முழுவதிலும் அதிகம் சொல்லித்தரும் துண்டு அதுதான். பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20க்குக் கீழே இருந்தால் அது பிழைக்காது. அதனால்தான் மண்ணில் ஆழப் புதைந்த பகுதி ஓரளவு திடமாக இருக்க, மண்மட்டத்தை ஒட்டிய சாண் அளவு மட்டும் கரைந்துபோயிருக்கும். கல்லுக்கால் வைத்துக் கட்டிய லயங்களில் காலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே விளிம்பு மடித்த தகரத் தொப்பி இருக்கும். கரையானை அது கொல்லாது. மறைவாக ஏற விடாமல் வெளிப்பக்கம் சுற்றவைக்கும், மண்புற்று கண்ணில் பட்டுவிடும். அந்தத் தகரத்தையும் சேர்த்தே எடுங்கள். புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடு தொங்கவிட்ட சட்டங்கள் கிடைத்தால் கரியைக் கழுவக் கூடாது. ரப்பர் விறகை எரித்து, 50, 60 பாகை சூட்டில் தகடுகளை நாட்கணக்கில் காயவைத்ததன் பதிவு அந்தக் கரிதான்.

எடுத்ததும் அன்றே மரத்திலேயே எண் பொறிக்க வேண்டும். எஃகு எண் அச்சு கடையில் கிடைக்கும், பின்பக்கம் ஒரு தட்டு. ஒட்டிய தாளைப் பூச்சி தின்னும், மார்க்கர் மை ஓரிரு ஆண்டில் வெளுக்கும். அட்டையில் எழுதுவதும் 2பி பென்சிலால்தான். பதிவேட்டில் எண், மரம், எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், எந்தப் பாகம், எடுத்த தேதி, படத்தின் எண் இவ்வளவும் வேண்டும். பதிவேட்டுக்கு ஒரு நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும். இந்த விவரம் தொலைந்தால் எவ்வளவு நல்ல செங்காலும் விறகுக் கணக்குத்தான்.

பூச்சியைக் கவனிக்காமல் துண்டுகளைப் பள்ளிக்குள் கொண்டுபோனால் பள்ளியின் கதவும் மேசையும் போய்விடும். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாள்மேல் வைத்து பிளாஸ்டிக்கால் மூடி இரண்டு வாரம் தனியே வையுங்கள். தாளில் மாவுபோல நைசான பொடி விழுந்தால் பொடி வண்டு. கசகசா அளவில் ஆறு பட்டையுள்ள மணிகள் விழுந்தால் உலர்மரக் கரையான். மண் குழாய் தெரிந்தால் நிலக் கரையான். மண்ணோடு தொடர்பு அறுந்து காய்ந்துவிட்டால் அது பெரும்பாலும் தானே ஒழியும். சின்னத் துண்டுகளுக்கு உறைபெட்டி சிறந்த மருந்து. தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் மரத்தின்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெரிய துண்டுகளுக்கு 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து ஊறவைக்கலாம். மரம் சற்று ஈரமாக இருந்தால்தான் மருந்து உள்ளே பரவும், நன்றாகக் காய்ந்த கன மரத்தில் மேலே மட்டும் நிற்கும். காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கையுறை கட்டாயம், கர்ப்பிணிகள் இந்த வேலையில் சேர வேண்டாம். மழை பட்டால் மருந்து கரைந்து ஓடிவிடும் என்பதால் திறந்தவெளிக் காட்சிக்கு இது உதவாது. பிள்ளைகள் தொடும் துண்டுகளுக்கு உறைபெட்டி மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து. கறுப்பெண்ணெய் பூசும் பழைய வழக்கம் இங்கே வேண்டாம். நாற்றம் போகாது, தூசி ஒட்டும், துளை எல்லாம் மறையும்.

ரப்பர் மரம் வேறு கதை. லயம் கட்ட அதை யாரும் பயன்படுத்தவில்லை. அந்தக் காலத்தில் அது விறகு. மாவுச்சத்து மிகுந்த மரம், வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரிக்கும், பொடி வண்டு புகுந்துவிடும். வெங்காரக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைக்கும் முறை பரவிய பிறகுதான் மேசை நாற்காலி மரமாயிற்று. ஆகவே மறுநடவுக்காகப் பால்மரங்களைச் சாய்க்கும் நாளிலேயே துண்டு எடுத்து அன்றைக்கே ஊறவைக்க வேண்டும். அடுத்த வாரம் என்றால் வேண்டாம். எடுக்க வேண்டிய இடம் வெட்டுப்பட்டை, அதாவது பால் எடுக்கச் சீவிய பட்டை உள்ள பகுதி. வெட்டுக்கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருகிறது என்பதைப் பலகையில் படம் போட்டுச் சொல்வதைவிட இதில் காட்டுவது சுலபம். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். கோடு எதிர்ச்சாய்வில் போனால் அதிகக் குழாய்கள் அறுபடும். உளி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி மரத்தைத் தொட்ட இடங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். நல்ல வெட்டுக்காரர் வெட்டிய மரத்தையும் புதியவர் வெட்டிய மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் தொழிலின் நுட்பம் விளங்கும். நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில், 1877இல் நட்ட முதல் கன்றுகளில் மிஞ்சியது என்று காட்டப்படும் ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அங்கே போய்வரும் பள்ளிகள் ஊரில் ஒரு வெட்டுப்பட்டைத் துண்டையும் வைத்திருந்தால் அந்தப் பயணத்துக்குப் பொருள் கூடும்.

வட்டமாக அறுத்த துண்டு வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். காய்ந்ததும் நடுவிலிருந்து விளிம்புவரை பிளக்கும். மரம் சுற்றுவாக்கில் சுருங்கும் அளவு ஆரவாக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதே காரணம். முன்கூட்டியே நடுமையம்வரை ஒரு வாள்வெட்டுப் போட்டுவிட்டால் பிளவு அந்த ஓரிடத்தில் மட்டும் விரியும். அதைவிடக் கால்வட்டமாக அறுப்பது மேல். இரு முனைகளிலும் வெள்ளைப் பசையைத் தடிமனாகப் பூசி நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். செம்பனைத் துண்டு ஒன்றையும் ஒப்பிட வைக்கலாம். அதில் மரமே கிடையாது, நாரும் ஈரமான மென்சதையும்தான். காய்ந்தால் பஞ்சுபோல ஒடுங்கிவிடும்.

வட்டத் துண்டைக் காட்டி ‘வளையத்தை எண்ணி வயதைச் சொல்’ என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது குளிர்காலம் உள்ள நாட்டுப் பாடம். நம் மெராந்தியிலும் செங்காலிலும் ஆண்டுக்கு ஒன்று என்று வளையம் விழுவதில்லை, நம் காட்டு மரத்துக்கு வளர்ச்சி நிற்கும் பருவமில்லை. தேக்கில் வளையம் தெரியும், அதனால்தான் இந்தக் குழப்பம்.

வைக்கும் அறைக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. நம் காற்றில் மரம் நூற்றுக்கு 15 அளவு ஈரத்தில் நிலைக்கும். குளிர்சாதன அறையில் 11, 12க்கு இறங்கும். பகலில் போட்டு இரவில் நிறுத்தினால் தினமும் சுருங்கி விரிந்து வெடிக்கும். மின்விசிறி, வலை போட்ட சன்னல், சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டரும் தரையிலிருந்து ஒரு சாணும் விலகிய அடுக்கு, நேர்வெயில் படாத மூலை, இவை போதும். வார்னிஷ் அடிக்காதீர்கள். பாதித் துண்டுக்கு மட்டும் எண்ணெய் தடவி மறுபாதியை வெறுமையாக விட்டால் இரண்டு நிறமும் தெரியும். தொடுவதற்கு ஒரு தொகுதி, ஒப்பிட்டுப் பார்க்கப் பூட்டிய ஒரு தொகுதி என இரண்டு வைத்தால் அழுக்கேறியதை மாற்றலாம்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் ஊறியவை கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு தார் மணக்கும். புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் அது, பிள்ளைகள் கை படும் இடத்தில் வைக்கக் கூடாது. பச்சை நிறம் ஏறிய மின்கம்பத் துண்டில் ஆர்செனிக் இருக்கும், மிச்சத்தை எரித்தால் சாம்பலே விஷம். பழைய எண்ணெய்ச் சாயம் பூசிய சன்னல், கதவுகளில் ஈயம் இருக்கலாம். உலர மணல்தாள் தேய்க்க வேண்டாம், உரியாத சாயம் அப்படியே இருக்கட்டும். காட்சிக்காகக் காட்டில் புதிய செங்காலோ மெர்பாவோ வெட்டும் எண்ணமும் வேண்டாம். 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின்கீழ் அதற்கு உரிமம் வேண்டும், இடிபடும் கட்டடத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இடிப்புக் குத்தகைக் கடிதத்தில், வேலை தொடங்குமுன் மூன்று நாள் பள்ளி மேலாளர் வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ உள்ளே வந்து எண்ணிட்ட துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய பலகைக்குக் குத்தகையாளர் விலை வைத்திருப்பார், உணவகங்களும் தளபாடக் கடைகளும் அதைத் தேடி வாங்குகின்றன என்பது தெரியும். ஒரு லயத்துக்கு நாங்கள் சொல்லும் துண்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சின்ன வேனில் அடங்கும். மற்றதை அவரே லோரியில் ஏற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மரவேலையும் தோட்ட வேலையும் அறிந்த வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.